சில்வண்டு விட்டுப்போனது எலும்புக்கூடா?

'உங்களால் மறக்க முடியாத எலும்புக்கூடு எது?' என்ற கேள்விக்கு, எல்லாரும் ஆய்வக மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது கட்டைவிரல் அளவுகூட இல்லை.

மழை விட்ட மறுநாள் காலை. மரப்பட்டையைக் கவ்வியபடி, சில்வண்டு உரித்துவிட்டுப்போன ஒரு கூடு. மெல்ல விடுவித்து வெளிச்சத்தில் பிடித்தேன். தேன் நிறம். முதுகில் நேர்க்கோடாக ஒரு பிளவு. கண்ணை மூடியிருந்த மெல்லிய கவசம்கூடச் சேதமில்லாமல் இருந்தது. பிளவுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்கள் தொங்கின. அவை மூச்சுக்குழாய்களின் உள்பூச்சு. பூச்சி தோலுரிக்கும்போது அதையும் சேர்த்தே உரித்துவிடுகிறது! அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"மாமா, இதுதான் அதோட எலும்புக்கூடு" என்றான் அக்கா மகன்.

"எலும்பே இல்லாததுக்கு எலும்புக்கூடு எங்கேடா வந்துச்சு? பாம்பு சட்டை உரிக்கிற மாதிரிதான் இதுவும்" என்றாள் அக்கா.

நான் பையன் பக்கம் நின்றேன். இன்றும் அதே பக்கம்தான். பாம்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் முதுகெலும்பு. உரிந்த சட்டை வெறும் மேல்தோல். பூச்சிக்கு உள்ளே அப்படி எதுவும் கிடையாது. காலை மடக்கும் தசை, கைட்டின் என்ற உறுதியான பொருளாலான ஓட்டின் உட்புறத்தைப் பிடித்துத்தான் இழுக்கிறது. தசைக்குப் பிடிமானம் எதுவோ, அதுதானே கூடு?

"அப்போ மண்புழுவுக்கு?" அக்கா லேசில் விடுகிற ஆளில்லை.

மண்புழுவின் உடம்பில் அடைபட்டிருக்கும் நீர்மம்தான் அதற்குக் கூடு. சுற்றியுள்ள தசை இறுக்கும்போது அந்த நீர்மம் விறைத்து உடம்பைத் தாங்குகிறது. உயிரியலில் இதையும் ஒரு வகைச் சட்டகமாகவே கொள்கிறார்கள். இதை அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ஆனால் சுறாவைச் சொன்னதும் யோசித்தாள். சுறாவின் கூடு முழுக்கக் குருத்தெலும்பு. எலும்பு இருந்தால்தான் கணக்கு என்றால், சுறாவையும் அல்லவா தள்ளிவைக்க வேண்டும்?

உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் உயிரியான கடல் முள்ளெலியின் ஓட்டைக் கையில் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும், உயிரோடு இருக்கும்போது அதன்மேல் மெல்லிய தோல் உண்டு. அப்படியானால் அது உள்கூடு என்பதே என் கட்சி.

சில்வண்டுக் கூட்டை அக்கா மகன் தீப்பெட்டியில் பஞ்சு பரப்பி வைத்திருக்கிறான். மேலே 'கூடு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. முன்னால் 'எலும்பு' சேர்க்க அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.