கதிரைக்குப் பார்கோட் போதுமா, ஆர்எப்ஐடிக்கு மாறலாமா?

பரந்தனில் இருந்து:
வணக்கம். வாடகைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். 600 பிளாஸ்டிக் கதிரை, தறப்பாள், கிடாரம் எல்லாம் கலியாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா என்று போய்வரும். பக்கத்துக் கடைக் கதிரையும் அதே நிறம், கலந்துவிட்டால் சண்டைதான். அதனால் ஒவ்வொன்றிலும் பார்கோட் ஒட்டினோம். மூன்று மாதம்கூட நிற்கவில்லை, கோடெல்லாம் வெயிலில் கெட்டுப்போச்சு. கோடு நல்லாக இருந்த காலத்திலும் அடுக்கிலிருந்து ஒவ்வொரு கதிரையாக இழுத்துத்தான் ஸ்கானரைக் காட்ட வேண்டும். இரவு 11 மணிக்கு லான்ட்மாஸ்டரில் வந்து இறங்கும்போது யார் அதைச் செய்வது? ரேடியோ அலையால் வாசிக்கிற ஆர்எப்ஐடி டேக் ஒட்டினால் அடுக்கோடு வாசிக்கலாம் என்கிறார்கள். கிடாரத்துக்கும் சரிவருமா?

வவுனியாவில் இருந்து:
தம்பி, மிஞ்சிய ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் வேகமாக உரசிப் பாருங்கள். கறுத்தால் அது கடைகளில் பற்றுச்சீட்டு அடிக்கிற அதே சூட்டுத்தாள், வெயிலுக்கு நிற்காது. மை றிபன் போட்டு பொலியெஸ்டர் லேபலில் அடித்தால் நல்லாய் உழைக்கும். ஆனால் எந்தப் பார்கோட்டும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வாசிக்கும், உங்கள் அடுக்குப் பிரச்சினை அதனால் தீராது.

ஆர்எப்ஐடியில் தூரத்திலிருந்து வாசிக்கிற வகை யூஎச்எப். அந்த டேக்குக்குப் பற்றரி இல்லை. றீடர் அனுப்புகிற அலையிலேயே உயிர் பெற்றுப் பதில் சொல்லும், சில மீற்றர் தள்ளி நின்று ஒரேயடியாகப் பல டேக்கை வாசிக்கலாம். பிளாஸ்டிக் அதை மறைக்காது. தண்ணீர் அலையை உறிஞ்சும், உலோகம் திருப்பிவிடும், ஆகவே கிடாரத்தில் சாதாரண டேக் ஒட்டினால் காசு வீண். உலோகத்துக்கென்றே தடித்த டேக் இருக்கிறது, விலை கூட. என்னைக் கேட்டால், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து எண் வெட்டிவிடுங்கள்.

மல்லாவியில் இருந்து:
அண்ணை, றீடர் வாங்கும்போது கவனம். ஆர்எப்ஐடி எல்லாம் ஒன்றென்று நினைத்து நான் 13.56 மெகாஹேர்ட்ஸ் றீடர் ஒன்றை வாங்கி ஏமாந்தேன், அது அட்டையைக் கிட்டவே பிடித்தால்தான் வாசித்தது. மாட்டுக் காதில் போடுகிற 134.2 கிலோஹேர்ட்ஸ் டேக்கும் கிட்டப் பிடிக்கிற சாதிதான். உங்களுக்கு வேண்டியது யூஎச்எப். அதிலும் ஐரோப்பாவுக்கு 865–868, அமெரிக்காவுக்கு 902–928 மெகாஹேர்ட்ஸ் என்று வேறுவேறு. கொழும்பில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டு வெளிநாட்டில் இருந்து எடுப்பியுங்கள்.

பரந்தனில் இருந்து:
நன்றி, நகத்தால் உரச உடனே கறுத்தது. தெரிந்தவர் ஒருவரிடம் யூஎச்எப் றீடர் இரவல் வாங்கி 20 கதிரையில் பார்த்தேன். காய்ந்த அடுக்கில் 20ம் வந்தது, கழுவி ஈரத்தோடு அடுக்கியபோது 16தான். இன்னொன்று, கொட்டிலுக்குள் தனியாக வைத்த டேக்குகளையும் அது சேர்த்து வாசிக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

வவுனியாவில் இருந்து:
றீடரின் வலுவைக் குறையுங்கள், அன்ரெனாவை ரோட்டுப் பக்கம் திருப்புங்கள். கொட்டிலுக்குக் கிட்ட வேண்டாம், படலையடியிலேயே வாசியுங்கள். டேக்கை இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒட்டாமல் முதுகுப்பக்கம் மேலே ஒட்டினால் தண்ணீர் தேங்காது. போகும்போதும் அதே இடத்தில் வாசித்து வையுங்கள், எந்தக் கதிரை எந்த வீட்டுக்குப் போனது என்ற பதிவு இல்லாவிட்டால் வந்ததை மட்டும் வாசித்துப் பயனில்லை.