இலவச மின் பம்புசெட்டைச் சோலாருக்கு மாற்றுவது: ஆளுக்கொரு பேனலா, ஃபீடருக்கு ஒரே நிலையமா?

கிணற்றடி, மின்பாதை, நீர்மட்டம், வரப்பு என்ற பெயர்களில் நான்கு பேர் விவாதிக்கிறார்கள்.

கிணற்றடி:
1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். இணைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டும். பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. 2019-இல் வந்த மத்திய அரசின் பிஎம் குசும் சோலார் பம்புத் திட்டம் இரண்டு வழி தருகிறது: ஒவ்வொரு பம்புக்கும் தனியாகப் பேனல் வைப்பது, அல்லது ஒரு ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு வரும் மின்பாதை) உள்ள எல்லா பம்புகளுக்கும் சேர்த்து ஒரே சோலார் நிலையம் கட்டுவது. நான் முதல் வழியின் பக்கம்.

கணக்கு இதுதான். 5 எச்பி மோட்டாருக்கு அதன் திறனைப்போல இரண்டு மடங்கு, அதாவது 7.5 கிலோவாட் பேனல் வரை அனுமதி உண்டு. நம்மூர் வெயிலில் 1 கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் கொடுக்கும், மொத்தம் 11,000. மோட்டார் 1,000 மணி நேரம் ஓடினால் 4,500 யூனிட் செலவு. மீதி 6,500 யூனிட்டை 3 ரூபாய்க்கு விற்றால் 19,500 ரூபாய். ஒவ்வொரு மணி நேர ஓட்டத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டால், வாய்க்கால் நிரம்பி வழிந்த பிறகும் மோட்டாரை ஓடவிட யாருக்கும் மனம் வராது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் 6 விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, மிச்ச மின்சாரத்தை ஒரே இடத்தில் மின் விநியோக நிறுவனத்துக்கு விற்றுக் காட்டினார்கள்.

மின்பாதை:
துண்டியை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. அவர்கள் அதற்கு முன்பு டீசல் பம்பு ஓட்டியவர்கள். டீசல் செலவு நின்றதே அவர்களுக்குப் பெரிய லாபம். இங்கே விவசாயி மின்சாரத்துக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. தனிப் பேனலுக்கு மத்திய அரசு 30%, மாநிலம் 30% போக மீதி 40% அவர் தலையில். எதற்காகக் கடன் வாங்குவார்?

அடுத்தது தொழில்நுட்பம். மின்பாதையில் சப்ளை நின்ற நொடியே, பேனல் மின்சாரத்தைப் பாதைக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் இன்வெர்ட்டரும் நின்றாக வேண்டும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு அதுதான் பாதுகாப்பு. கிராமத்து 11 கேவி லைன் அடிக்கடி ட்ரிப் ஆகும் இடத்தில், உச்சி வெயிலிலும் பேனல் சும்மா கிடக்கும். லைன் கடைசியில் உள்ள டிரான்ஸ்பார்மரில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மிச்ச மின்சாரத்தை லைனுக்கு அனுப்பினால் வோல்டேஜ் ஏறி, இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும்.

500 பம்பு உள்ள ஃபீடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 4,500 யூனிட் என்றால் 22.5 லட்சம் யூனிட். துணை மின்நிலையத்தின் பக்கத்தில் 1.5 மெகாவாட் நிலையம் ஒன்று போதும், நிலம் சுமார் 6 ஏக்கர். கழுவ, பழுதுபார்க்க ஒரே இடம். விவசாயி ஒரு ரூபாய் போட வேண்டாம். அவரது மோட்டார், ஸ்டார்ட்டர் எதையும் தொட வேண்டியதில்லை.

நீர்மட்டம்:
இரண்டு பேருமே கிணற்றின் ஆழத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாவிட்டாலும் 0.27 யூனிட் வேண்டும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40% திறன் என்று வைத்தால் 0.68 யூனிட். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க 4 லட்சம் லிட்டர் தேவை.

டெல்டாவில் 20 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த ஒரு பாய்ச்சலுக்கு 55 யூனிட். கிணற்றடி சொல்லும் 3 ரூபாயில் 165 ரூபாய். அதற்காக எவரும் நெல்லுக்குத் தண்ணீரைக் குறைக்க மாட்டார். கொங்குப் பகுதியில் ஆயிரம் அடி போர்வெல் என்றால் 300 மீட்டர், 800 யூனிட்டுக்கு மேல், சுமார் 2,400 ரூபாய். அங்கே விலை உறைக்கும். ஆனால் அந்த ஆழத்துக்கு 10, 15 எச்பி வேண்டும். மானியமோ 7.5 எச்பி அளவுக்குத்தான் கணக்கிடப்படுகிறது. அதாவது விலை வேலை செய்யும் இடத்தில் மானியப் பேனல் சிறிது. பேனல் பொருந்தும் இடத்தில் விலை வேலை செய்யாது.

ஃபீடர் நிலையம் இதையும் தீர்க்காது. அது நிலக்கரி எரிப்பதைக் குறைக்கும், நிலத்தடி நீரைத் தொடவே தொடாது. 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் ரத்தாகிவிட்டது. தடுக்க வேறு கருவியே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

கிணற்றடி:
டெல்டா கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கொங்குப் பகுதிக்கு ஒரு திருத்தம்: 40% திறன் என்பது நல்ல செட்டுக்கு. மூன்று நான்கு முறை ரீவைண்டிங் செய்த மோட்டாரில் 25–30% வந்தாலே பெரிது. பெயர்ப்பலகையில் 5 எச்பி என்றிருக்கும், உள்ளே கம்பி 7.5-க்குச் சுற்றியிருப்பார்கள். பேனல் போடும் முன் செட்டை மாற்றி, கெப்பாசிட்டரும் வைத்தால் பாதி பிரச்சினை அங்கேயே தீரும். மின்பாதையின் 4,500 யூனிட் கணக்கும் அப்போது இறங்கும், நிலையமும் சிறிதாகும். செட்டைத் தொடவே வேண்டாம் என்று அவர் சொல்வது ஃபீடர் வழியின் பலம் இல்லை, பெரிய பலவீனம்.

வரப்பு:
பணம் யார் கைக்குப் போகிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இணைப்பு பட்டாதாரர் பெயரில் இருக்கிறது. உழுகிறவர் வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர். 1969-ஆம் ஆண்டு குத்தகைப் பதிவுச் சட்டம் இருந்தும், பதிவு செய்யச் சம்மதிக்கும் நில உரிமையாளர் அரிது. மிச்ச மின்சாரத்துக்கு 19,500 ரூபாய் வந்தால் அது பட்டாதாரர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நெருக்கப்படுவது குத்தகைக்காரர். பட்டா இல்லாத பெண்களின் நிலையும் இதேதான். கிணறே இல்லாத மானாவாரிக்காரருக்கு இரண்டு வழியிலும் ஒன்றும் இல்லை.

மின்பாதையின் 6 ஏக்கர் எங்கிருந்து வரும்? துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மேய்ச்சல் புறம்போக்கு. ஆடு மேய்ப்பவருக்கு அதில் பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை. பேனல் சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி, கீழே மேய்ச்சலை அனுமதித்தால் இரும்புச் செலவு கூடும். அந்தச் செலவை டெண்டரிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

மின்பாதை:
செட்டை மாற்றும் யோசனையை ஏற்கிறேன். நிலம் பற்றிய கேள்வியும் நியாயம். புறம்போக்கை விட்டுவிட்டு, தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம்.

தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபீடர் நிலையத்தோடு பஞ்சாபின் ‘பானி பச்சாவோ, பைசா கமாவோ’ (தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி) முறையைச் சேர்ப்பது. 2018-இல் சில ஃபீடர்களில் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மின் அளவு ஒதுக்கி, மிச்சம் பிடித்த யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். அளவைத் தாண்டினாலும் கட்டணம் இல்லை. பேனல் கடன் இல்லாமலே கிணற்றடி கேட்கும் விலை கிடைத்துவிடும். மீட்டர் வைத்தால் இலவசம் போய்விடும் என்ற அச்சம் இங்கே ஆழமானது. அதனால் முதலில் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 5 எச்பி பம்பு 15, 20 இருக்கும். மிச்சத்தை அந்தக் குழுவே பிரித்துக்கொள்ளட்டும்.

நீர்மட்டம்:
ஒதுக்கும் அளவை எப்படி முடிவு செய்வீர்கள்? போன ஆண்டு ஓட்டத்தை வைத்தால், அதிகம் இறைத்தவருக்கு அதிக ஒதுக்கீடு. சொட்டுநீர் போட்டு ஏற்கெனவே குறைத்தவருக்கு நஷ்டம். எச்பி-யை வைத்தால் ஆழமாகத் தோண்டியவருக்குப் பரிசு. பாசனப் பரப்பையும் அந்தப் பகுதியின் சராசரி நீர் ஆழத்தையும் பெருக்கி வைப்பதே பொருத்தம். பரப்பு அடங்கலில் (கிராமத்துச் சாகுபடிக் கணக்குப் பதிவேடு) இருக்கிறது. ஆழத்துக்குப் பகுதிக்கு நாலைந்து கண்காணிப்புக் கிணறு போதும்.

வரப்பு:
அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் சாகுபடி செய்பவர் பெயரையும் எழுத இடம் இருக்கிறது. ஊக்கத்தொகையைப் பட்டாவில் உள்ள பெயருக்கு இல்லாமல் அந்தப் பெயருக்கு அனுப்புங்கள். தொகை வருகிறது என்றதும் அந்த இடத்தில் நில உரிமையாளர் தன் பெயரையே எழுதச் சொல்வார். அதனால் திட்டம் அறிவிப்பதற்கு முந்தைய இரண்டு பருவத்து அடங்கலை எடுத்துப் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும். விடுபட்ட குத்தகைக்காரரை கிராமசபையில் சேர்க்கலாம். இது இல்லாமல் டிரான்ஸ்பார்மர் மீட்டரை மட்டும் மாட்டினால் நான் எதிர்ப்பேன்.