நானே கட்டிய மைக் ப்ரீஆம்பில் உறுமல்

கேள்வி: என்.ஈ.5532 ஐசியை வைத்து நான் கட்டிய ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), ஹெட்போனில் தனியாகக் கேட்கும்போது சுத்தமாக ஒலிக்கிறது. மடிக்கணினியுடன் இணைந்த ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) செருகியவுடன் எழும் உறுமல், வீணையின் மெல்லிய கமகங்களை விழுங்கிவிடுகிறது. ப்ரீஆம்புக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியை மாற்ற வேண்டுமா?

பதில் 1: அதற்கு முன் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறுமல் அடங்கினால், இரு கருவிகளும் வெவ்வேறு வழிகளில் எர்த்தைத் தொடுவதால் உண்டாகும் கிரவுண்ட் லூப்தான் காரணம்; ப்ரீஆம்பின் வெளியீட்டை, இரு பக்கக் கம்பிகளையும் நேரடியாக இணைக்காமல் சிக்னலை மட்டும் கடத்தும் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கொடுத்தால் தீரும். பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் தயவுசெய்து துண்டிக்காதீர்கள், அது உயிர் காக்கும் கம்பி.

கேட்டவர்: கழற்றியதும் அடங்கியது, மிக்க நன்றி. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுதாகக் கூட்டினால் மட்டும் சிறு ரீங்காரம் மிஞ்சுகிறது.

பதில் 2: ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் வரைபடம்) அது 50 ஹெர்ட்ஸ் எனத் தெரிந்தால் மின்மாற்றியின் காந்தப்புலத்தைச் சந்தேகியுங்கள்; மின்சாரத்தை நிறுத்தி, அதைச் சற்றே திருப்பிவைத்து மீண்டும் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால், ரெக்டிஃபையரின் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பகுதி) மின்னோட்டம் உள்ளீட்டின் கிரவுண்ட் கம்பியிலும் பாய்கிறதா என்று பாருங்கள்.