பன்னிரண்டு சொல்லையும் கேட்கும் லிங்க்

குழு: சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக் குடும்பங்கள் (டர்பன், தென்னாப்பிரிக்கா)
வியாழன்

முருகேசன் மாமா (6:42): வணக்கம். குமரன் தம்பி இருக்காரா? ஒரு சந்தேகம். கோயில் கமிட்டி நண்பர் ஒருத்தர் லிங்க் அனுப்பியிருக்கார். கிரிப்டோவில் மாசம் 10 சதவீதம் தர்றாங்களாம். பையன் பெர்த்திலிருந்து அனுப்பின யுஎஸ்டிடி, அதான் அந்த டாலர் கணக்குக் கிரிப்டோ காசு, என் போன் வாலட்டில் சும்மாதான் கிடக்கு. லிங்க்கைத் தொட்டா "வாலட்டை இணைக்கவும்"னு வந்து, வாலட் தொடங்கினப்போ கொடுத்த அந்த 12 ரகசியச் சொல்லையும் கேக்குது. எட்டு வரைக்கும் போட்டேன். அப்புறம் மனசு ஒப்பல, நிறுத்திட்டேன்.

குமரன் (6:43): மாமா, இனி ஒரு எழுத்துகூடப் போடாதீங்க. அந்தப் பக்கத்தை மூடிடுங்க.

குமரன் (6:43): அந்த நண்பருக்கும் இப்போதைக்குப் பதில் எழுத வேண்டாம். முதல்ல பணத்தைப் பார்ப்போம்.

செல்வி அக்கா (6:45): எட்டுதானே போட்டிருக்கார் குமரா? "அனுப்பு"ன்னு பட்டனைக்கூடத் தொடலையே?

குமரன் (6:48): பட்டனைத் தொடணும்னு அவசியமே இல்லக்கா. இந்த மாதிரிப் பக்கங்கள் நாம தட்டத் தட்டவே எழுத்தை எடுத்துக்க முடியும். அந்தச் சொற்கள் எல்லாமே 2048 சொல் இருக்கிற ஒரே பொதுப் பட்டியல்லேருந்து வர்றது. ஒண்ணுமே தெரியாதவனால 12 சொல்லையும் கண்டுபிடிக்க முடியவே முடியாது. எட்டைக் கையில கொடுத்துட்டா மீதி நாலைக் கம்ப்யூட்டரை விட்டுத் தேடலாம். நேரமும் செலவும் ஆகும், ஆனா நடக்காத காரியம் இல்லை. அதனால அந்த வாலட்டில் இனி ஒரு காசுகூட இருக்கக் கூடாது.

முருகேசன் மாமா (6:49): பாஸ்வேர்டை மாத்திட்டா போதாதா தம்பி?

குமரன் (6:52): போதாது மாமா. பாஸ்வேர்டு உங்க போன்ல இருக்கிற ஆப்பைத் திறக்கிறதுக்கு மட்டும்தான். அந்த 12 சொல் தெரிஞ்சவன் உலகத்துல எந்த மூலையிலேருந்தும் தன்னோட போன்ல உங்க வாலட்டைத் திறந்துக்கலாம். அந்தச் சொற்களை மாத்தவும் வழி கிடையாது. புது வாலட் உருவாக்கி, பணத்தை அங்க நகர்த்தணும். வீட்டுல வேற யாரோட போன்லயாவது செய்யுங்க, உங்க போன் வேண்டாம். புதுசா வர்ற 12 சொல்லைப் பேனாவால நோட்டுல எழுதுங்க. படம் எடுக்காதீங்க.

பிரியா (6:53): ஆமா தாத்தா, படம் எடுத்தா கேலரியிலேருந்து தானாவே கிளவுடுக்குப் போயிடும்.

குமரன் (6:55): உங்க பழைய வாலட் முகவரி "டி" (T)ங்கிற ஆங்கில எழுத்துல ஆரம்பிக்குதா? அப்படின்னா அது ட்ரான் வலையமைப்பு. அனுப்புற கட்டணத்துக்கு அந்த வலையமைப்போட சொந்தக் காசான டிஆர்எக்ஸ் கொஞ்சம் வேணும், இருக்கா?

முருகேசன் மாமா (6:57): டி-தான். டிஆர்எக்ஸ் பையன் போட்டு வச்சிருக்கான்.

குமரன் (6:59): நல்லது. புது முகவரியைப் புது வாலட்டிலேருந்தே நகல் எடுங்க. பழைய பரிவர்த்தனைப் பட்டியல்லேருந்து எடுக்காதீங்க. முன்னாடியும் பின்னாடியும் அதே எழுத்து வர்ற மாதிரி ஒரு போலி முகவரியைத் தயார் பண்ணி, அதுலேருந்து சின்னத் தொகை அனுப்பி உங்க பட்டியலுக்குள்ள நுழைச்சு வைப்பாங்க. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். நடு எழுத்துக்களையும் ஒப்பிட்டுப் பாருங்க. முதல்ல 10 யுஎஸ்டிடி மட்டும் அனுப்புங்க. வந்து சேர்ந்ததும் மீதி. நான் இப்பவே கூப்பிடுறேன், போனை எடுங்க.

சரோஜா அத்தை (7:20): என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்கப்பா, மனசு அடிச்சுக்குது.

முருகேசன் மாமா (7:34): வந்துடுச்சு சரோஜா. முழுசா வந்துடுச்சு. குமரன் தம்பி போன்லயே இருந்து ஒவ்வொண்ணா சொன்னார். 🙏

சரோஜா அத்தை (7:35): அப்பாடா. முருகா.

செல்வி அக்கா (7:41): எனக்கு ஒண்ணு புரியல குமரா. அந்த நண்பர் யாரோ எவரோ இல்லை. காவடி நேரத்துல கோயில் வரவு செலவெல்லாம் அவர்தான் பார்க்கிறார். போன மாசம் 2,000 ராண்ட் லாபம் எடுத்தேன்னு என்கிட்டயே சொன்னார். கையில வாங்கின காசு பொய்யா இருக்குமா? இதுவும் ஒரு ஸ்டோக்வெல், நம்ம சீட்டு மாதிரிதானேன்னு நினைச்சேன்.

குமரன் (7:56): அக்கா, அந்த 2,000 நிஜம்தான். அவர் பொய் சொல்லல. அதனாலதான் இது ஆபத்து. ஸ்டோக்வெல்ல யார் எவ்வளவு போட்டாங்க, இந்த மாசம் யாருக்குப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். காசு பெருகுதுன்னு யாரும் சொல்றதில்லை. இங்க பணம் எங்க போகுதுன்னு அவருக்கே தெரியாது.

நம்ம நாட்டிலேயே நடந்ததைப் பாருங்க. ஸ்டெல்லன்போஷ்ல மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி. பிட்காயினைக் கொடுங்க, எங்க கம்ப்யூட்டர் தானாவே வியாபாரம் பண்ணிப் பெருக்கித் தரும்னாங்க. ஆரம்பத்துல கேட்டவங்களுக்குப் பணம் கொடுத்தாங்க, பின்னால சேர்ந்தவங்க போட்ட பணத்தை எடுத்து. ஆளைச் சேர்த்துவிட்டாத் தனிக் கமிஷன். அப்ப யார் போய் யாரைச் சேர்ப்பாங்க? தன்னை நம்புறவங்களைத்தான். 2020 ஆகஸ்ட்லயே நிதித்துறையைக் கண்காணிக்கிற எஃப்எஸ்சிஏ எச்சரிச்சது. அந்த டிசம்பர்ல தலைவர் பிரேசிலுக்குப் போய்ட்டார், கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போச்சு. ஒரு வருஷம் கழிச்சு அங்க அவரைப் பிடிச்சாங்க. அமெரிக்காவில் முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கிற சிஎஃப்டிசி வழக்குல சொன்ன கணக்குப்படி அவங்க வாங்கினது 29,421 பிட்காயின்.

அதுல ஆள் சேர்த்தவங்களில் எத்தனையோ பேர் முழு மனசா நம்பித்தான் சேர்த்திருப்பாங்க. "நம்ம ஆள் சொன்னார்"ங்கிறது அவர் நல்லவர்னு மட்டும்தான் காட்டும். திட்டம் நல்லதான்னு காட்டாது. இதை நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்: ஆளை மதிங்க, திட்டத்தைத் தனியாச் சோதிங்க.

பிரியா (7:58): ஆஃப்ரிகிரிப்ட்னு கிரிப்டோ முதலீட்டுக் கம்பெனி, அதுவும் இங்கதானே அண்ணா? ஜோஹானஸ்பர்க்?

குமரன் (8:01): ஆமா. 2021 ஏப்ரல்ல "எங்களை ஹேக் பண்ணிட்டாங்க"ன்னு முதலீட்டாளர்களுக்குக் கடிதம் வந்துச்சு. வக்கீல், போலீஸ்னு போகாதீங்க, போனா மீட்கிறது தாமதமாகும்னு சொன்னாங்க. யாராவது "போலீஸுக்குப் போகாதே"ன்னு சொன்னா, அன்னைக்கே போகணும்.

சரோஜா அத்தை (8:05): அப்போ இந்த பிட்காயின் எல்லாமே மோசடிதானாப்பா? ஒரேயடியா வேண்டாம்னு சொல்லிடலாமே.

குமரன் (8:16): அப்படிச் சொல்ல மாட்டேன் அத்தை. மாமாவோட பையன் அனுப்பினது நேர்மையான பணம், வேகமா வந்து சேர்ந்துச்சு. 2022 அக்டோபர்ல எஃப்எஸ்சிஏ கிரிப்டோவையும் ஒரு நிதிப் பொருள்னு அறிவிச்சது. வாங்கி விற்கிற நிறுவனங்களுக்கு இப்ப உரிமம் வேணும். எஃப்எஸ்சிஏ தளத்துல பேரைப் போட்டுத் தேடலாம், இல்லைன்னா 0800 20 3722-க்குக் கூப்பிட்டுக் கேக்கலாம். உண்மையான நிறுவனத்தோட உரிம எண்ணைத் திருடி எழுதி வைக்கிறவங்களும் உண்டு. அதனால அவங்க அனுப்பின செய்தியில இருக்கிற போன் நம்பரை நம்பாதீங்க, எஃப்எஸ்சிஏ பட்டியல்ல இருக்கிற நம்பருக்குப் பேசுங்க.

உரிமம் இருந்தாலும் அது பணத்துக்குக் காப்பீடு இல்லை, இதையும் சொல்லிடணும். வங்கி விழுந்துட்டா 2024 ஏப்ரல்லேருந்து ஒருத்தருக்கு ஒரு வங்கிக்கு 1,00,000 ராண்ட் வரைக்கும் வைப்புக் காப்பீடு இருக்கு. கிரிப்டோவுக்கு அது கிடையாது. கிரிப்டோ வாங்கி விற்கிற பெரிய எக்ஸ்சேஞ்சுகளும் அடி வாங்கியிருக்கு. 2025 பிப்ரவரியில பைபிட்லேருந்து சுமார் 150 கோடி டாலர் போச்சு, வட கொரியாதான்னு அமெரிக்க எஃப்பிஐ சொன்னது. அங்க வேலை பார்க்கிறவங்களோட திரையில எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது, ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை வேறயா இருந்துச்சு. அதையே தொழிலா வச்சிருக்கிறவங்களுக்கே இந்தக் கதி. நாம போனா திரும்பாதுன்னு நினைச்சு, தாங்கக்கூடிய தொகையை மட்டும்தான் வைக்கணும். பென்ஷன் பணம் கூடவே கூடாது.

செல்வி அக்கா (8:19): நம்ம அரசு டிவி எஸ்ஏபிசி-ல செய்தி வாசிக்கிறவங்களே ஒரு முதலீட்டைப் பத்திப் பேசுற வீடியோ ஃபேஸ்புக்ல பார்த்தேனே?

பிரியா (8:21): பொய் வீடியோ அக்கா. 2023-லயே அவங்க முகத்தையும் குரலையும் வச்சு செஞ்சாங்க, எஸ்ஏபிசி மறுப்பும் சொன்னது.

பிரியா (8:22): குமரன் அண்ணா, சிம் ஸ்வாப் பத்தியும் சொல்லுங்க. எங்க கல்லூரியில ஒரு பொண்ணுக்கு நடந்துச்சு.

குமரன் (8:29): திடீர்னு சிக்னல் போயிடும். வீட்டுல மத்தவங்க போன்ல சிக்னல் இருக்கும், உங்க போன்ல மட்டும் இருக்காது. அப்படின்னா யாரோ உங்க நம்பரை அவங்க சிம்முக்கு மாத்தியிருக்கலாம். கரண்ட் போச்சு, டவர் போச்சுன்னு காத்திருக்காதீங்க. உடனே இன்னொரு போன்லேருந்து மொபைல் கம்பெனிக்கும் வங்கிக்கும் பேசுங்க. கிரிப்டோ கணக்குக்கு எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபி வேண்டாம், போனுக்குள்ளேயே அந்த எண்ணை உருவாக்கித் தர்ற ஆதென்டிகேட்டர் ஆப் வச்சுக்குங்க. சிம் மாறினாலும் அந்த எண் உங்க போன்லதான் இருக்கும். ஈமெயிலுக்கும் அதையே போடுங்க. ஈமெயில் போனா எல்லாக் கணக்கோட பாஸ்வேர்டையும் அது வழியாவே மாத்திடுவாங்க.

முருகேசன் மாமா (8:47): நண்பர்கிட்ட இப்பதான் பேசினேன். போன்லயே அழுதுட்டார். 60,000 ராண்ட் போட்டிருக்கார். ஆப்ல 91,000-னு காட்டுதாம். போன வாரம் எடுக்கப் பார்த்தா "முதல்ல 12,000 வரி கட்டணும்"னு டெலிகிராம்ல அந்தத் திட்டத்தோட வழிகாட்டி ஒருத்தன் சொல்றானாம். அதைப் புரட்டிட்டு இருந்தார்.

குமரன் (8:49): கட்ட வேண்டாம்னு சொல்லுங்க மாமா! ஒரு ராண்ட்கூட! நம்ம வரித்துறை சார்ஸ், வரியை நம்ம வருடாந்திரக் கணக்கு வழியா நேரா நம்மகிட்டக் கேக்கும். யாரோ ஒருத்தனோட வாலட்டுக்கு அனுப்பச் சொல்லாது. இதைக் கட்டினா அடுத்தது "அபராதம்"பான், அப்புறம் "கணக்கைத் திறக்கக் கட்டணம்"பான். அந்த 91,000 அவன் திரையில எழுதி வச்ச எண் மட்டும்தான்.

சரோஜா அத்தை (8:54): முருகேசா, அவர் பேரை இங்க போட வேண்டாம். நாளைக்குக் கோயில்ல யாரும் அவரைக் குத்திப் பேசவும் கூடாது. கூச்சப்பட்டு வெளியில சொல்லாம இருந்தா அவருக்குத்தான் இன்னும் நஷ்டம். நம்மகிட்டச் சொன்னாரே, அதுவே பெரிசு. நாம கூட நிக்கணும்.

குமரன் (9:06): அத்தை சொல்றதுதான் சரி. மாமா, இன்னைக்கு ராத்திரியே அவரை உக்கார வச்சு எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க: டெலிகிராம் பேச்சு, அந்த ஆளோட பயனர்பெயர், லிங்க், பணம் அனுப்பின முகவரி, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அடையாளமா வர்ற ஹாஷ் எண். ஆப்பை அழிக்க வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட் எடுக்கட்டும். யுஎஸ்டிடி வாங்கின எக்ஸ்சேஞ்சுக்கும் இப்பவே எழுதணும். போலீஸ்ல கேஸ் நம்பர் வாங்கணும். யுஎஸ்டிடி-யை வெளியிடுற டெதர் கம்பெனியால ஒரு முகவரியை முடக்க முடியும், விசாரணை அமைப்புகள் கேட்டு முடக்கியும் இருக்காங்க. அந்தப் பணம் இன்னும் நகராம இருந்தாத்தான் பலன். திரும்பி வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலும் வர்றதில்லை. ஆனா தாமதிச்சா அந்தக் கொஞ்ச வாய்ப்பும் போயிடும்.

அவர் அந்த ஆப்ல ஐடி புத்தகம், செல்ஃபி ஏதாவது கொடுத்தாரா?

முருகேசன் மாமா (9:11): ரெண்டும் கொடுத்திருக்காராம்.

குமரன் (9:15): அப்போ மோசடியைத் தடுக்கிற எஸ்ஏஎஃப்பிஎஸ் அமைப்புல பாதுகாப்புப் பதிவு செய்யணும். இலவசம்தான். அவர் பேர்ல யாராவது கடன் வாங்கப் போனா நிறுவனங்களுக்கு எச்சரிக்கை தெரியும். இன்னொண்ணு: அடுத்த சில வாரத்துல "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம்"னு யாராவது கூப்பிடுவாங்க. வக்கீல்னு சொல்வாங்க, ஹேக்கர்னு சொல்வாங்க, எஃப்எஸ்சிஏ-ன்னே சொல்வாங்க. ஏமாந்தவங்க பட்டியலை இவங்களுக்குள்ள விக்கிறாங்க. முன்பணம் கேட்டா அது இதே கூட்டம்தான்.

செல்வி அக்கா (9:18): நாளைக்குக் காலையில எனக்கு வேலை இல்லை. கார் எடுத்துட்டு வர்றேன். ஸ்டேஷனுக்கு நானே அவரைக் கூட்டிட்டுப் போறேன்.

பிரியா (9:20): ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் நான் பிரிண்ட் எடுத்துத் தர்றேன் தாத்தா. இன்னைக்கு ராத்திரியே எனக்கு அனுப்பச் சொல்லுங்க.

முருகேசன் மாமா (9:33): சொல்லிட்டேன். அவர் அந்த லிங்க்கை 14 பேருக்கு அனுப்பியிருக்கார். யார் யாருக்குன்னு இப்ப எழுதிட்டு இருக்கார். அதுல ரெண்டு பேர் ஏற்கெனவே பணம் போட்டுட்டாங்களாம்.

குமரன் (9:34): அந்த ரெண்டு பேர் நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க மாமா. இப்பவே பேசுறேன்.

சரோஜா அத்தை (9:35): மீதியில டோங்காட்டில் இருக்கிறவங்களை நான் பார்த்துக்கிறேன். அவங்களுக்குச் செய்தி அனுப்பினா படிக்க மாட்டாங்க, கூப்பிட்டுத்தான் சொல்லணும்.