பாரமே தூக்காமல் தோள் வலி, தசை கெட்டுவிட்டதா?

கேள்வி: மூன்று வருடமாக நாள் முழுக்க கீபோர்டும் மவுஸும்தான், வலது தோளின் மேல்பக்கம் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பாரம் எதுவும் தூக்குவதில்லையே, அப்புறம் ஏன்? தசையே மாறிப்போயிருக்குமா?

பதில்: லேசான வேலைதான் இங்கே வில்லன். கழுத்திலிருந்து தோள்வரை பரவியிருக்கும் டிரபீசியஸ் தசையில் சில சிறிய இழைகள் முதலில் இயங்கத் தொடங்கி கடைசியில்தான் ஓயும், கை மவுஸில் இருக்கும்வரை அவற்றுக்கு விடுப்பே இல்லை. 1991-ல் ஹேக் என்ற ஆய்வாளர் இதற்கு சிண்ட்ரெல்லா கருதுகோள் என்று பெயர் வைத்தார். கதையில் முதலில் எழுந்து கடைசியில் தூங்கப்போகும் வேலைக்காரப் பெண்தான் சிண்ட்ரெல்லா, பொருத்தமான பெயர்தான்.

பதில்: வேலையால் தோள் வலி வந்தவர்களின் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்பகுதி) கோளாறுள்ள இழைகள் தெரிந்தது உண்மை. ஆனால் அதே வேலை செய்து வலியே இல்லாதவர்களிடமும் அவை இருந்தன, பயப்பட வேண்டாம்.

பதில்: நாற்காலியை மாற்றியும் எனக்குப் பலனில்லை, டம்பெல் பிடித்துத் தோளைத் தூக்கி இறக்கும் பயிற்சிதான் சில வாரங்களில் கைகொடுத்தது. கை மரத்துப்போனால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.