கொழிஞ்சாம்பாறை வாடகை வீடு: தென்னை பட்டுப்போனதுக்கு அட்வான்சுல பிடிக்கலாமா?

உடுமலைக்காரி கேட்டது:

வணக்கமுங்க. எங்க ஊர் உடுமலைப் பக்கம். எங்க வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை, அதனால மூணு வருசமா கேரளா, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில குடியிருக்கறோம். பன்னெண்டு சென்ட் இடம், நடுவுல ஓட்டு வீடு, பின்னாடி கிணறு, ஆறு தென்னை, ஒரு பலா. வாடகை 7,000, அட்வான்ஸ் 35,000. ஓனர் கோயமுத்தூர்ல இருக்கறார். நல்ல மனுசந்தான், மூணு வருசத்துல ஒருக்கா கூட வாடகை ஏத்தலை. அதனாலதான் இப்ப அவர் சொல்றது ரொம்பக் கஷ்டமா இருக்குது.

ஆவணி பிறந்ததும் காலி பண்றோம்னு சொல்லியிருந்தோம். ஆடியில நாங்களும் வீடு மாத்த மாட்டோம், இங்கத்தவங்களும் கர்க்கடகத்துல மாத்த மாட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை அவர் வந்து வளவைச் சுத்திப் பார்த்தார். ரெண்டு தென்னை பட்டுப்போச்சு, மத்ததுல கீழ்மட்டையெல்லாம் கருத்துக் கெடக்குது, பின்பக்கம் குப்பை மேடாயிருக்குது, தோட்டத்தைப் பார்த்துக்கறது குடியிருக்கறவங்க பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்குதுன்னு சொல்லி 14,000 பிடிச்சுக்குவேன்னுட்டார். மரத்துக்கு எட்டாயிரம், வளவு சுத்தம் பண்ண ஆறாயிரம்.

நாங்க வந்தப்ப அந்த வளவு எப்படி இருந்துச்சுன்னு அவருக்கே தெரியும். பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நின்னுச்சு. நாலு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கொத்து பிடிச்சு எடுத்தோம். எனக்குக் கை ரெண்டும் தடிச்சு அரிப்பெடுத்து, மருந்து போட்டுக்கிட்டே எடுத்தேன்.

தென்னை விசயம் இதுதானுங்க. நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா ஓனர் சொல்லிவெச்ச மரமேறி வருவார். காயைப் பறிச்சு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிருவார். மட்டையும் பன்னாடையும் பாளையும் விழுந்த எடத்துலயே கெடக்கும். அதை ஒண்ணொண்ணா இழுத்துட்டுப்போய் மூலையில போடறது நான். சட்னிக்குன்னு ஒரு காய் எடுத்ததில்லை. ஆறு மரத்தடியில குடியிருந்துக்கிட்டு தேங்காயைக் கடையில காசு குடுத்து வாங்கறேன்.

அக்ரிமெண்ட் பதினொரு மாசத்துக்கு, புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ஓடுது. மலையாளத்துல எழுதினது. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆறாவது படிக்கற பையன் படிச்சுச் சொன்னான். தென்னை வருமானம் உடமஸ்தனுக்கு, அதாவது ஓனருக்குன்னு ஒரு வரி இருக்குது. "வீடும் முற்றவும் விருத்தியாயி சூக்ஷிக்கணம்"னு ஒரு வரி, வீட்டையும் முற்றத்தையும் சுத்தமா வெச்சுக்கணும்னு அர்த்தம். தோட்டத்தைப் பத்தி வேற ஒண்ணும் இல்லை.

இன்னொண்ணு. நான் வெச்சது ஒரு கறிவேப்பிலை, ரெண்டு மல்லி, ஒரு எலுமிச்சை. எலுமிச்சை மூணு வருசம் தண்ணி குடிச்சு இப்பத்தான் காய் பிடிச்சிருக்குது. அதைத் தொடக்கூடாதுங்கறார். மண்ணுல வேர் விட்டதெல்லாம் வீட்டைச் சேர்ந்ததாம்.

14,000 ரெண்டு மாச வாடகைங்க. அதைவிட, "நீங்க பார்த்துக்கலை"ன்னு சொன்னாரே, அதுதான் ரெண்டு நாளாத் தூங்கவிடலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தூர் ஆதாரம் எழுத்தர்:

அம்மிணி, பாலக்காட்டுச் சித்தூர்ல ரொம்ப வருசமா ஆதாரமும் (நம்ம பக்கம் பத்திரம்பாங்க) வாடகைச்சீட்டும் எழுதறேன். உங்க ஓனர் சொன்ன சட்டம் ஒண்ணு இருக்கறது நெசம். ஆனா அது வாளையாறுக்கு அந்தப் பக்கத்துச் சட்டம். தமிழ்நாட்டுல 2017-ல கொண்டுவந்து 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில, குழாய் வாசர், ஸ்விட்ச், பூட்டு இதோட சேர்த்து தோட்டப் பராமரிப்பையும் குடியிருக்கறவர் கணக்குல எழுதியிருக்கு. உங்க வீடு இருக்கறது பாலக்காடு ஜில்லாவுல. ஓனர் கோயமுத்தூர்ல இருக்கறதால கோயமுத்தூர்ச் சட்டம் கூடவே வராது.

அந்த அட்டவணையையே எடுத்துக்கிட்டாலும், "வாடகைக்கு விடப்பட்ட அல்லது வாடகைக்காரர் பயன்படுத்துகிற" தோட்டம், திறந்த இடம்னுதான் அதுல பொருள் வரும். காயை அவர் எடுத்துக்கறார், ஏற ஆளை அவர் அனுப்பறார். அந்த மரத்தை நீங்க என்னத்தைப் பயன்படுத்துனீங்க?

கேரளத்துல 1965-ம் வருசச் சட்டம். அதுல "கட்டடம்"ங்கற சொல்லுக்குள்ளயே வீட்டோட சேர்த்து விட்ட தோட்டம், நிலம், கிணறு, குளம் எல்லாம் வந்துரும். ஆனா அந்தச் சட்டம் எல்லா ஊருக்கும் தானா வராது, அரசு அறிவிச்ச பகுதிக்குத்தான். உங்க பஞ்சாயத்துக்கு வருதான்னு முதல்ல கேட்டுக்குங்க. வராட்டியும் 1882-ம் வருசச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கு. அதோட 108-ம் பிரிவைத்தான் நான் ஒவ்வொரு சீட்டு எழுதறப்பவும் மனசுல வெச்சு எழுதறது. குடிவந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித் திருப்பிக் குடுக்கணும், நாள்பட்ட தேய்மானம் நீங்கலா. நீங்க குடிவந்தப்ப பார்த்தீனியக் காடு. இப்ப இருக்கறது அதைவிட மோசம்னு அவர்தான் காட்டணும்.

செடி விசயத்துல ஓனர் சொன்னது தப்பு. மண்ணுல வேர் விட்ட மரஞ்செடியெல்லாம் "நிலத்தோட சேர்ந்தது"ன்னு அதே சட்டம் 3-ம் பிரிவு சொல்லுது, அது சரி. ஆனா வாடகைக்காரர் தானா நிலத்துல சேர்த்ததை எடுத்துக்கலாம்னு 108 சொல்லுதே. ரெண்டு நிபந்தனை: வீடு உங்க கைவசம் இருக்கறப்பவே எடுக்கணும், எடுத்த குழியை மூடிப் பழையபடி ஆக்கிரணும். சாவியைக் குடுத்துட்டுப் போய்ச் செடி கேக்கக் கூடாது.

கடைசியா, பையன் படிச்ச அந்த வரி. மறுபடி படிக்கச் சொல்லுங்க. "முற்றம்"னா வீட்டைச் சுத்தி நாம பெருக்கற இடம். தென்னையும் பலாவும் நிக்கறது "பறம்பு". மலையாளத்துல ரெண்டும் வேற வேற. சீட்டுல முற்றம்னுதான் இருக்குதுன்னா, பறம்பைப் பராமரிக்கறேன்னு நீங்க கையெழுத்தே போடலை. எழுதினவர் தெரிஞ்சே அப்படி எழுதியிருப்பார், ஏன்னா பறம்பு வருமானம் ஓனருக்குன்னு மேல எழுதியிருக்காரே.

வேலந்தாவளம் வீட்டுக்காரம்மா:

நான் ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கறேன், அதனால அந்தப் பக்கத்தையும் சொல்லிர்றேன் கண்ணு. வருத்தப்படாத.

நாலு வருசத்துக்கு முந்தி ஒரு குடும்பம் இருந்துச்சு. தங்கமான ஜனம். தெனமும் பெருக்கின சருகை மாமரத்தடியில குமிச்சுத் தீ வெச்சாங்க. சுத்தமாத்தான் வெச்சிருக்கறோம்னு நினைச்சாங்க. பட்டை வெந்து வெடிச்சு, ஒரு பக்கமா வாடி, அடுத்த வருசம் மரமே போயிருச்சு. எங்க மாமனார் வெச்ச மரம். காசு பிடிக்கலை நான், ஆனா இன்னைக்கும் அந்த எடத்தைப் பார்த்தா வயிறு பத்திக்கிட்டு வருது. தூரத்துல இருக்கற ஓனருக்குத் தன் மரம் பட்டுப்போனதைப் பார்த்தா எப்படி இருக்கும்னு நீயும் நினைச்சுப் பாரு.

அதுக்கப்புறம் நான் வெச்சுக்கிட்ட முறை இது. வாராவாரம் செய்ய வேண்டியது குடியிருக்கறவங்க வேலை. சிரட்டையிலயும் பூந்தொட்டித் தட்டுலயும் பாளையிலயும் தேங்கின தண்ணியை ஊத்தறது, பெருக்கறது, முன்னாடி களை எடுக்கறது. டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்கறதுக்கு ஏழெட்டு நாள் போதும். கோயமுத்தூர்ல இருக்கறவர் அதுக்குள்ள வந்து ஊத்த முடியுமா? சுகாதாரத்துறைக்காரங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமைய ட்ரை டே, தேங்கின தண்ணியைக் கொட்டற நாள்னு சொல்றது அதுக்குத்தான். மரம் ஏறுறது, மருந்து வெக்கிறது, பட்ட மரத்தை வெட்டறது, கிணறு தூர் வாரறது எல்லாம் என்னுது. தேங்காய் பாதிப் பாதி. பாதி குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து, மரத்துல ஒரு வண்டு உக்காந்தாக்கூட எனக்கு போன் வருது.

புதுசா வீடு போறப்ப, சாமான் எறக்கறதுக்கு முன்னாடி வளவு பூராவையும் போட்டோ எடுத்து ஓனருக்கே அனுப்பிரு.

எருத்தேம்பதி தென்னந்தோப்பு:

சட்டம் எனக்குத் தெரியாதுங்க, தென்னை தெரியும்.

கீழ்மட்டை கருத்ததுக்கு உங்களைச் சொல்றது அநியாயம். அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் முதல்ல கண்டது, இன்னைக்கு எங்க தோப்புலயும் இருக்குது. மட்டைக்கு அடிப்பக்கம் உக்காந்து சாறு குடிக்கும். அது விடற தேன் மாதிரித் திரவம் கீழ்மட்டை மேல விழுந்து, அதுல கரும்பூசணம் பிடிக்கும். மரம் அதனால சாகாது. தண்ணியை வேகமாப் பீய்ச்சிக் கழுவலாம், மைதாப் பசை கரைச்சுத் தெளிச்சாக் கருப்பு உரிஞ்சு விழும். ஆறு மரத்துக்கு ஒரு பொம்பளை ஏறித் தெளிக்க முடியுமா?

பட்ட ரெண்டு மரத்தைப் பத்திக் கேக்கணும். பட்டுப்போறதுக்கு முந்தி, குருத்துமட்டை விரிஞ்சப்ப கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி முக்கோணமா இருந்துச்சா? இருந்தா காண்டாமிருக வண்டு. அது மட்டும்னா வளர்ந்த மரம் பொழைச்சுக்கும். ஆனா அது போட்ட ஓட்டையில சிவப்புக் கூன்வண்டு முட்டை வெச்சா முடிஞ்சுது. தண்டுல பழுப்பாச் சாறு வடிஞ்சிருக்கும், சப்பின நார் வெளிய தள்ளியிருக்கும். நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா கொண்டைக்கு ஏறின ஆளுக்கு அது தெரியாமப் போகாது. அவர் ஓனர்கிட்ட சொன்னாரான்னு கேளுங்க.

ஆனா அம்மிணி, அந்தப் பின்பக்கக் குப்பைமேட்டுல சாணி கிடக்குதா? வெறும் மட்டைன்னா பரவாயில்லை. சாணியெரு சேர்ந்து மக்கினதுன்னா காண்டாமிருக வண்டு முட்டை வெக்கற எடமே அதுதான். கிளறிப் பாருங்க. வெள்ளையா, கட்டை விரல் மொத்தத்துல, சுருண்டு கிடக்கற புழு இருந்தா அதுதான் அது.

உடுமலைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. உடனே பதில் எழுதலை, ஏன்னா அண்ணன் சொன்ன மாதிரி மேட்டைக் கிளறிப் பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

சாணி இருந்துச்சு. போன வருசம் எலுமிச்சைக்கும் கத்தரிப்பாத்திக்கும்னு அரை டிராக்டர் எரு எறக்கினேன். மிச்சமானது மேல மட்டையும் சருகும் விழுந்து மூடிக்கிச்சு. நேத்து ரெண்டு பேரும் கிளறினோம். நாப்பத்து மூணு புழு. எண்ணி எண்ணி வாளியில போட்டோம். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. வளவைச் சுத்தமா வெச்சிருக்கறேன்னு நினைச்சு நானே வளர்த்திருக்கறேன்.

மறைக்க மனசு வரலைங்க. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, நானே போன் பண்ணினேன். எரு போட்டது நான், அதை எடுத்துச் சுத்தம் பண்ற செலவு என்னுதுன்னு சொன்னேன். மேட்டை அள்ள டிராக்டர் வாடகை 1,500 ஆச்சு, குடுத்துட்டேன். அப்புறம் தை மாசம் நான் அவருக்கு அனுப்பின வாட்சப்பைக் காமிச்சேன். குருத்து வெட்டுப்பட்டிருக்குதுன்னு போட்டோவோட போட்டிருந்தேன், "பாக்கலாம்"னு பதில் வந்திருந்துச்சு. மரமேறிகிட்டயும் அவர் பேசியிருக்கறார். சாறு வடிஞ்சதைப் பார்த்தேன், சொல்லணும்னு தோணலைன்னு அவர் சொன்னாராம்.

ரொம்ப நேரம் பேசாம இருந்தார். மரத்துக்கான எட்டாயிரத்தை விட்டுட்டார். வளவுக்கான ஆறாயிரத்துல பேச்சு இன்னும் முடியலை. முற்றம், பறம்புன்னு நான் சொன்னதுக்கு, எழுதினவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னார். பட்ட ரெண்டு மரத்தையும் ஆடிக்குள்ள வெட்டச் சொல்லியிருக்கறேன், இல்லாட்டி மிச்ச நாலும் போயிரும்.

எலுமிச்சைக்கு, "வேணும்னா எடுத்துக்குங்க"ன்னார். எடுக்கலாம்னு சட்டம் இருந்தாலும், மூணு வருச மரத்தைத் தோண்டினாப் பிழைக்குமான்னு பயமா இருக்குது. அண்ணா, என்ன பண்ணலாம்?

எருத்தேம்பதி தென்னந்தோப்பு:

நாப்பத்து மூணையும் எண்ணிச் சொன்னீங்களே, அதுக்கே பெரிய மனசு வேணும். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அந்த வண்டு பறந்து வர்றது. பக்கத்து எருக்குழியில இருந்தும் வந்திருக்கும். எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க. மிச்ச நாலு மரத்துக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள்குருத்து மூணு மட்டையோட இடுக்குல போடச் சொல்லுங்க. அது அந்த மரமேறி வேலை.

எலுமிச்சையைத் தோண்டாதீங்க. காய் பிடிச்ச மரம், ஆணிவேர் அறுந்தாத் தாங்காது. பதியம் போட்டுக்குங்க, இப்ப ஆனி, காலம் சரியா இருக்குது. பென்சில் மொத்தத்துல முத்தின கிளையா எடுத்து, ஒரு அங்குலத்துக்குச் சுத்திப் பட்டையை உரிச்சிருங்க. உரிச்ச எடத்துல நனைச்சுப் பிழிஞ்ச தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வெச்சு, பாலித்தீன் தாள் சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டணும், உள்ள காத்து போகக் கூடாது. ஒண்ணுக்கு மூணா கட்டுங்க. ஆவணி பிறக்கறதுக்குள்ள தாளுக்குள்ள வெள்ளை வேர் தெரியும். வேருக்குக் கீழ வெட்டி முதல்ல தொட்டியில வெச்சு, நெழல்ல ஒரு மாசம் இருக்கட்டும்.

நார்க்கழிவு எங்க தோப்புலயே கெடக்குது. ஞாயித்துக்கிழமை பையனை அனுப்புனா ஒரு சாக்கு குடுத்துவிடறேன்.