புதுப்பிப்பு: கிட்டாரில் ஸ்லைடு வைத்தால் வந்த கூடுதல் ஓசை நின்றுவிட்டது

கிட்டாரில் வழக்கமான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் (6-வது ஸ்ட்ரிங்கிலிருந்து 1-வது வரை இ-ஏ-டி-ஜி-பி-இ) ஸ்லைடு (விரலில் மாட்டி ஸ்ட்ரிங்குகள் மேல் நகர்த்தும் குழாய்) வாசித்தால் தேவையில்லாத ஸ்ட்ரிங்கெல்லாம் சேர்ந்து ஒலிக்கிறது, ஓபன் ட்யூனிங்குக்கு (எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு, அதாவது இணைந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, வரும்படி ஸ்ட்ரிங்குகளை அமைப்பது) மாறினால் சரியாகுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஓபன் ஜி வைத்துப் பார்த்தேன், அதாவது 6, 5, 1 ஆகிய மூன்று ஸ்ட்ரிங்குகளையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃபிரெட் அளவு) இறக்கி டி-ஜி-டி-ஜி-பி-டி. கூட ஒலிக்கும் ஸ்ட்ரிங்குகள் கார்டோடு சேர்ந்துவிடுவதால் காதுக்கு உறுத்தவில்லை, ஆனால் ஓசை நிற்கவில்லை. இறக்கிய ஸ்ட்ரிங்குகள் தளர்ந்து, ஸ்லைடு ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) இடிக்கவும் ஆரம்பித்தது. முதல் ஸ்ட்ரிங்கை 10 அளவிலிருந்து இன்னும் தடிமனான 13-க்கு மாற்றிய பிறகுதான் அது அடங்கியது.

உண்மையில் பலன் தந்தது, ஸ்லைடைச் சுண்டுவிரலில் போட்டு அதற்குப் பின்னால் மற்ற விரல்களை ஸ்ட்ரிங்குகள் மேல் லேசாகப் படிய வைக்கச் சொன்ன யோசனை. அப்புறம் வலது கையாலும் வாசிக்காத ஸ்ட்ரிங்குகளைத் தொட்டு அடக்கினேன், இரண்டே வாரத்தில் பெரிய மாற்றம். ஸ்லைடு ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கொஞ்சம் பின்னால் போனாலும் சுருதி இறங்கிவிடுகிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று: ஸ்டாண்டர்டிலும் 4, 3, 2 ஸ்ட்ரிங்குகள் டி-ஜி-பி தான், ஓபன் ஜியில் இருக்கும் அதே மூன்று. ஐந்தாவது ஃபிரெட்டில் ஸ்லைடு வைத்து அந்த மூன்றை மட்டும் மீட்டினால் முழு சி மேஜர் கார்டு கிடைக்கிறது! இப்போது பெரும்பாலும் ஸ்டாண்டர்டிலேயே வாசிக்கிறேன்.